வஞ்சினமும் வாக்குறுதியும்: மாத்தளைத் தோட்டப்புறத் தேர்தல் உரைகள் பற்றி ஒரு நோக்கு

தேர்தல் மேடைப் பேச்சையும் தேர்தல் விஞ்ஞாபனத்தையும் எமது திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. அவற்றை இலக்கியமெனக் கொள்வார் இலர். வரலாற்றாசிரியர் தாமும் அவற்றை ஆங்காங்கு மேற்கோளாக எடுத்தாள்வரேயன்றி, ஊன்றி வாசித்தற்குரிய பனுவல்களாகக் கருதுவதில்லை. ஆயினும், மலையகத் தோட்டங்களிலே வாழும் தொழிலாளியை நோக்கி, அவர் ஒருவருக்காகவே ஆக்கப்படும் தமிழ் உரைநடை வேறு அதிகம் இல்லை. தோட்ட நிருவாகம் அவரோடு கட்டளை மொழியிற் பேசுகிறது. அரச அலுவலகம் பெரும்பாலும் அவர் அறியாத மொழியிற் கடிதம் அனுப்புகிறது. ஐந்தாண்டுக்கொருமுறை அவரைப் 'பெருமதிப்புக்குரியவரே' என விளிப்பது தேர்தல் மேடை ஒன்றுதான். அம்மேடையின் மொழி பொய்யாகுமிடத்து யார் பொறுப்பு, எவ்வகையிற் பொறுப்பு என்னும் வினாவினை, மாத்தளை மாவட்டத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

பலரறியக் கூறும் வாக்குறுதிக்குத் தமிழிலே பழைய இலக்கணம் ஒன்றுண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வஞ்சினத்தை அமைக்கிறது. இன்னதனைச் செய்யத் தவறுவேனாயின் எனக்கு இன்னது நேர்க எனத் தலைவன் சூளுரைத்தலே அத்துறை. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாட்டுக்கள் இவ்வகையின. 72ஆம் பாட்டிலே தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியன் எனப் பழிக்கட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய இயலா வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனோ தன் மனைவியைப் பிரியும் துயரத்தையே தனக்குத் தண்டமாகக் கூறிக்கொள்கிறான். இப்பாட்டுக்களிற் போர்வெறியும் மன்னரின் தற்பெருமையும் இல்லாமலில்லை. அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுதல் எமது நோக்கமன்று. எமக்கு வேண்டுவது அவற்றின் வாக்கிய அமைப்பு. சொல்பவன் 'யான்' என வெளிப்பட நிற்கிறான். செய்யப்போவது இன்னது என்கிறான். தவறினால் வரும் தண்டத்தைத் தானே விதித்துக்கொள்கிறான். அத்தண்டத்தை நிறைவேற்றுவோர் யாவர் என்பதையும், குடிமக்கள், புலவர் எனப் பெயரிட்டுச் சொல்கிறான்.

இவ்வமைப்பின் முற்பாதியை வைத்துக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டதே இன்றைய தேர்தல் வாக்குறுதி. அம்முற்பாதிதானும் முழுமையாக இல்லை. 'சம்பளம் உயர்த்தப்படும்', 'காணி வழங்கப்படும்', 'உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்' என்பன தோட்டப்புற மேடைகளிலே பழகிப்போன தொடர்கள். இவை யாவும் செயப்பாட்டு வினைகள். செய்பவர் மூன்றாம் வேற்றுமை ஏற்று 'அரசால்' என்றோ 'கம்பனியால்' என்றோ வருதல் வேண்டும். அச்சொல் ஒருபோதும் வருவதில்லை. இவற்றினும் நுட்பமானது 'பெற்றுத் தருவோம்' என்னும் தொடர். தருவோர் மேடையில் நிற்கின்றனர். ஆனால், யாரிடமிருந்து பெற்றுத் தருவர் என்பது சொல்லப்படுவதில்லை. காரியம் கைகூடினால் 'தந்தோம்' என்பதற்கும், கூடாவிடின் 'அவர்கள் தரவில்லை' என்பதற்கும் அத்தொடர் ஒருங்கே இடமளிக்கிறது. இலக்கணப் பிழை எதுவுமின்றிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இவ்வாற்றலை நாம் வியக்கவே வேண்டும்.

'வாக்கு' என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. கூறும் சொல்லும் வாக்கு; அளிக்கும் தேர்தலுரிமையும் வாக்கு. தலைவர் வாக்குக் கொடுக்கிறார், மக்கள் வாக்குக் கொடுக்கின்றனர். இவ்விரண்டில் ஒன்று அன்று மாலையே எண்ணப்பட்டு முத்திரையிடப்படுகிறது. மற்றையதை எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

மாத்தளைக்கும் மெய்யல்லாத வாக்குறுதிக்கும் உள்ள உறவு தேர்தல்களினும் பழையது. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். ஆள்கட்டிக் கங்காணிகள் தென்னிந்தியக் கிராமங்களிற் சொன்ன ஆசைவார்த்தைகளை, தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற கதையாக மலையகத்தின் வாய்மொழி மரபு இன்றும் நினைவிற் கொண்டுள்ளது. இருநூறாண்டு நிறைவை ஒட்டி 2023 சூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்ட 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் அதே வழியாக வந்து ஓகத்து 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. வேதனமும் காணியும் வீடும் அப்போதும் கோரிக்கைகளாகவே முன்வைக்கப்பட்டன.

இடையிலே ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் இம்மக்களுக்கு எவரும் வாக்குறுதி அளிக்கத் தேவையிருக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்து தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் அரிசி விலை கொத்து 25 சதமாகவே இருக்கும் என ஐக்கிய தேசியக் கட்சி தேர்தற்களத்தில் உறுதி கூறியதும், மறு ஆண்டு அது 70 சதமாக உயர்த்தப்பட்டதும், 1953 ஓகத்து 12ஆம் நாள் ஹர்த்தாலும், ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்ததும் இலங்கையின் தேர்தல் வரலாற்றிலே ஒரு வாக்குறுதிக்கு விலை கொடுக்கப்பட்ட அரிய நிகழ்ச்சிகளாம். அவ்வுறுதி தோட்டத்து மக்களை நோக்கிக் கூறப்பட்டதன்று. குடியுரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களினாலே நிறைவாக மீண்ட பின்னரே அவர்கள் மேடைகளுக்கு மீண்டும் வேண்டியவராயினர். ஏமாற்றப்படுவதற்கும் ஒரு வாக்கு வேண்டியிருந்தது.

இனி, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பற்றிய வாக்குறுதியைச் சற்று விரிவாக வாசிப்போம். அண்மைக்காலத் தோட்டப்புற அரசியலிலே இதனினும் அதிகம் கூறப்பட்ட வாக்கியம் இல்லை.

2015ஆம் ஆண்டளவில் தொழிற்சங்கக் கோரிக்கையாக எழுந்த இத்தொகை 2016 ஒக்டோபர்க் கூட்டொப்பந்தத்தில் 730 ரூபாயாகச் சுருங்கியது. அதிலும் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயே; எஞ்சியவை வரவு, உற்பத்தி முதலியவற்றுக்கான கொடுப்பனவுகள். 2019 சனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆகவும் மொத்தம் 750 ஆகவும் ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் சனாதிபதித் தேர்தலிலே கோத்தாபய ராஜபக்ச ஆயிரம் ரூபாயை உறுதியளித்தார். 2020 சனவரி நடுப்பகுதியில், மார்ச்சு 1ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. மார்ச்சு வந்தது, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, ஓகத்து 5ஆம் நாள் பொதுத்தேர்தல் நடந்தது, ஆயிரம் ரூபாய் வரவில்லை. நவம்பர் மாத வரவுசெலவுத்திட்ட உரையில் 2021 சனவரி எனப் புதிய நாள் குறிக்கப்பட்டது. இறுதியில், சம்பளச் சபையின் தீர்மானத்தின் பின், 2021 மார்ச்சு மாத வர்த்தமானியிலேதான் 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் படியுமாக அது சட்டவடிவம் பெற்றது.

இதனை வாக்குறுதி நிறைவேறிய கதையாகச் சொல்வாரும் உளர். தொகையை மட்டும் நோக்கின் அது சரியே. ஆனால், இவ்வாக்கியம் மறைத்த செய்திகள் மூன்று. தேயிலைத் தொழிலின் நாட்சம்பளத்தை எந்தச் சனாதிபதியும் தம் கையெழுத்தால் நிர்ணயிக்க இயலாது என்பது முதலாவது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தொழில்தருநர் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினரும் அமர்ந்து தீர்மானிக்க வேண்டிய விடயம் அது. மேடையிற் 'தருவேன்' என்றவர் சட்டப்படி தருபவர் அல்லர். இதை அறியாது சொன்னாரெனின் அது அறியாமை. அறிந்து சொன்னாரெனின் அதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது, 'நாள்' என்னும் சொல். மேடையில் அச்சொல் சூரியோதயம் முதல் அத்தமனம் வரையான பொழுதைக் குறிக்கிறது. தோட்டத்திலோ நாளுக்கு 'பேர்' என்பதே வழக்கு. செக்ரோலில் ஒருவர் பேர் பதியப்படுவது ஒரு முழுநாள். குறித்த நிறை கொழுந்து பறிக்கவில்லையாயின் அவருக்கு 'அரைப்பேர்' போடப்படும். அரைப்பேருக்கு அரைச்சம்பளம். 2021இன் பின்னர்க் கம்பனிகள் கூட்டொப்பந்த முறையிலிருந்து விலகின. எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது என்றும், வேலைநாட்கள் குறைக்கப்பட்டன என்றும், அரைப்பேர் பெருகிற்று என்றும் மலையகமெங்கும் முறைப்பாடுகள் எழுந்தன. வர்த்தமானியில் ஆயிரம் எழுதப்பட்டிருக்க, கையில் ஐந்நூறு விழுவது இவ்வாறுதான். மேடைத் தமிழுக்கும் தோட்டத் தமிழுக்கும் இடையிலுள்ள இச்சொல் வேறுபாட்டை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் எவரேனும் விரிவாக ஆராய்தல் நன்று. 'பேர்' என்பதற்கு எமது அகராதிகள் தரும் பொருள்களுள் இது இடம்பெறாமை வருத்தத்துக்குரியது.

மூன்றாவது, காலம். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. 2019இல் உறுதியளிக்கப்பட்ட ஆயிரம் ரூபாயும் 2022இல் வாங்கிய ஆயிரம் ரூபாயும் எண்ணால் ஒன்று. அரிசியாலும் மாவாலும் ஒன்றல்ல. தாமதமும் ஒருவகை அரைப்பேரே.

மாத்தளை மாவட்டத்தை இவ்வாய்வுக்கு நாம் தெரிந்தமைக்குக் காரணம் இவ்விடத்தில் விளங்கும். நுவரெலியாவிலே தோட்டத்து வாக்குகள் திரண்டு நின்று உறுப்பினரைத் தெரிகின்றன. வாக்குத் தவறியவரை அடுத்த தேர்தலிற் கேட்க ஓரளவேனும் வழியுண்டு. மாத்தளையில் அவ்வாறில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம். அதில் இந்திய வம்சாவளியினரும் இலங்கைத் தமிழருமாகச் சேர்ந்து பத்திலொரு பங்கினரே தமிழர். 1989 முதல் நடைமுறையிலுள்ள விகிதாசார முறையில் மாவட்டம் முழுதும் ஒரே தேர்தற்களம். இரத்தோட்டைக்கும் கம்மடுவைக்கும் எல்கடுவைக்கும் மேலுள்ள லயங்களுக்கெனத் தனித்துப் பொறுப்புக்கூற வேண்டிய உறுப்பினர் எவரும் இலர். கொட்டகலையிலே கூறப்படும் வாக்குறுதி மாத்தளைக்கும் கேட்கிறது. கூறியவரை மாத்தளையிற் காண முடிவதில்லை.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் அவற்றுட் பெரும்பாலானவை தனியாருக்கு விற்கப்பட்டபோதும், அரசின் பொறுப்பிலேயே விடப்பட்டவற்றுள் எல்கடுவைப் பெருந்தோட்டக் கம்பனியும் ஒன்று. அதனோடு மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களும் கண்டி, மாத்தளைப் பகுதிகளிலே உள்ளன. ஆகவே, ஏனைய இடங்களில் 'கம்பனிகள் மறுக்கின்றன' என ஆட்சியாளர் கூறும் சமாதானம் இங்குச் செல்லாது. இங்கு வாக்குறுதி கூறுபவரும் சம்பளம் தருபவரும் ஒருவரே. அவ்வாறிருந்தும், இவ்வரச நிறுவனங்கள் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஆகியவற்றுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளை நெடுங்காலம் நிலுவையாக வைத்திருந்தமை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயமாகும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட பணத்தை உரிய நிதியிற் சேர்க்காத தொழில்தருநர், புதிதாக உயர்த்தித் தருவேன் எனத் தேர்தல் மேடையிற் கூறுகையில் கேட்போர் எதை நம்புவது? செயப்பாட்டு வினையின் பின்னே மறைந்திருந்த எழுவாய் மாத்தளையிலே தோட்டத்து அலுவலகப் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது.

சட்டம் இதுபற்றி யாது கூறுகிறது? 1946ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி பிறப்பித்த பாராளுமன்றத் தேர்தற் கட்டளை, வேட்பாளர் ஒருவரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றிப் பொய்யான செய்தியை வெளியிடுதலை ஊழற் செயலாக வகுத்தது. வாக்காளருக்கு உணவோ பானமோ அளித்து அவரை வசப்படுத்துதலும் குற்றமே. பின்வந்த சட்டங்களும் அதே நெறியினவே. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் வேட்பாளரின் பணத்துக்கு வரம்பிட்டது; சொல்லுக்கு இடவில்லை. ஆகவே, எதிர்வேட்பாளரைப் பற்றிப் பொய் சொல்லலாகாது. வாக்காளருக்கு ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுத்தலும் ஆகாது. அத்தேயிலையைக் கொய்தவருக்கு ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லித் தராதிருத்தல் மட்டும் ஆகும்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய குறையன்று. 2010இல் பிரித்தானியாவிலே ஓல்ட்ஹாம் கிழக்கு தொகுதியில் வென்ற பில் வூலாசின் தேர்தல் செல்லாதெனத் தீர்க்கப்பட்டது; அவர் பொய் கூறியது எதிர்வேட்பாளரைப் பற்றி. தமிழ்நாட்டில் 2006, 2011ஆம் ஆண்டுத் தேர்தல்களின் இலவசப் பொருள் வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கிலே, விஞ்ஞாபனத்தில் அளிக்கும் வாக்குறுதி ஊழற் செயலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால், அத்தீர்ப்பின் வழி தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறை கவனிப்புக்குரியது. வாக்குறுதிக்கான நியாயத்தையும், அதற்கு வேண்டும் பணம் எவ்வழியில் வரும் என்பதையும் கட்சிகள் விஞ்ஞாபனத்திற் குறிப்பிடல் வேண்டும் என்பது அது. தண்டனை எதுவும் இல்லாத நெறிமுறையே எனினும், மூன்றாம் வேற்றுமையை வாக்கியத்துக்குள் மீட்டும் கொண்டுவரும் முயற்சி அது எனலாம். தமிழ்நாட்டிலேயே 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம், 'மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்' என வகுத்துரைக்கப்பட்டதையும் இங்கு நினைக்கலாம். ஆட்சியில் ஒரு படி, அதுவும் முதலிற் சென்னையிலும் கோவையிலுமே வழங்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் அதனை எள்ளி நகையாடினர். நாமோ அத்தொடரை ஓரளவு மதிக்கிறோம். விருப்பத்தையும் உறுதியையும் பிரித்துக் காட்டும் சொல்நாணயம் அதில் இருந்தது.

தவறிய வாக்குறுதியைக் குற்றமாக்குதல் வேண்டும் என வாதிடுவோரோடு நாம் உடன்படவில்லை. எதிர்காலம் பற்றிய கூற்றைப் பொய்யென நிறுவுதல் அரிது. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆட்சியிலிருப்போரிடமோ அவர்களால் நியமிக்கப்படுவோரிடமோ கொடுத்தால், முதலிற் சிறை செல்வது எதிர்க்கட்சிப் பேச்சாளராகவே இருக்கும். எமது நாட்டு அனுபவம் அதற்குமேல் நம்பிக்கை கொள்ள இடந்தரவில்லை. ஆனால், நடந்தது பற்றிய கூற்று வேறு. 'கொடுத்துவிட்டோம்' என்பது எதிர்காலமன்று, இறந்தகால வினைமுற்று. அது மெய்யா பொய்யா என்பதைச் சம்பளச் சீட்டு ஒன்றே காட்டும்.

2024இல் நிகழ்ந்தது இத்தகையது. சனாதிபதித் தேர்தல் ஆண்டான அவ்வாண்டின் மே நாளிற் கொட்டகலை மேடையிலே ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய்ச் சம்பளத்தை அறிவித்தார்; வர்த்தமானியும் வெளிவந்துவிட்டது என்றார். வர்த்தமானி வந்தமை மெய். வந்த வர்த்தமானி சம்பளமாயிற்று எனக் கேட்போர் கருதுமாறு அது மேடைகளிற் சொல்லப்பட்டமையே வழுவாகும். கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. சூலையில் உச்ச நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. தேர்தலுக்குச் சில நாட்களின் முன், செப்டெம்பரில், சம்பளச் சபை வழியாக 1,350 ரூபாய் முடிவாயிற்று. சொற்கள் ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, அவை சேர்ந்து பொய்யை உணர்த்துதல் இயலும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை. உள்ளத்தின்கண் உள்ளது உண்மை, வாயின்கண் உள்ளது வாய்மை எனப் பிரித்துப் பொருள் காணும் மரபு எமக்கு உண்டு. இங்கே வாய்மை இருந்தது, உண்மை இல்லை.

இத்தகைய கூற்றுக்களைத் தேர்தற் காலத்திலேயே சரிபார்த்துப் பகிரங்கப்படுத்த நீதிமன்றம் வேண்டியதில்லை. தருபவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ், எந்நாள் முதல் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத வாக்குறுதியை அவ்வாறே அச்சிட்டு, பிரட்டுக்களத்தில் வாசித்தாலே போதுமானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சம்பளச் சபை எப்போது கூடியது, யாது தீர்மானித்தது என்பதைத் தொழிற்றிணைக்களத்திடம் எவரும் கேட்கலாம். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரும், பல்கலைக்கழகம் வந்து விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பும் எமது மாணவரும் செய்யக்கூடிய பணி இது. நெடுஞ்செழியன் தனக்குத் தண்டமாகக் கூறியவற்றுள் புலவர் பாடாதொழிதலும் ஒன்று. மலையகத் தமிழ் விழாக்களிலே பொன்னாடை போர்த்து அமைச்சர்களைப் பாடுவோர் இன்றும் எம்மிடையே உளர். எமது சங்கத்து மேடையும் இதற்கு முற்றிலும் விலக்கெனச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்திலே சனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1,750 ரூபாய் என்றார். அதனைப் பிரித்தும் சொன்னார்: தொழில்தருநர் தருவது 1,550, வரவுக்கென அரசு தருவது 200. முன்னைய வாக்கியங்களோடு ஒப்பிடுமிடத்து இவ்வாக்கியத்தில் எழுவாய்கள் இரண்டும் வெளிப்பட்டு நிற்கின்றன. அதனை நாம் பாராட்டுகிறோம். அரைப்பேர் போடப்பட்ட நாளில் அந்த 200 ரூபாய் முழுதாகக் கிடைக்குமா, அரையாகக் கிடைக்குமா, இல்லையா என்பதை எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உள்ள தோட்டங்களின் செக்ரோல்களைப் பார்த்தே எழுதவேண்டும்.